உச்சிமாகாளி அண்ணாச்சி ரம்பம் பார்க்கிறார்

பார்த்து வாங்குவோர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பெயரில் ‘வாங்குவோர்’ என்று வருகிறதே, ஏதாவது வாங்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். பார்ப்பதுதான் அவர்கள் தொழில். வாங்குவது எப்போதாவது, கைதவறி நடப்பது.

வீட்டில் மிக்சி கெட்டுவிட்டது என்று வையுங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கடைக்குப் போவோம், கடைக்காரர் எடுத்து வைப்பதில் ஒன்றைக் காட்டி ‘இதைக் கட்டுங்கள்’ என்போம், வீட்டுக்கு வந்து சட்னி அரைப்போம். பார்த்து வாங்குபவர் அப்படிச் செய்வாரா? மோட்டார் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பார். உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று துருவுவார். ஊர்பேர் தெரியாத ஒருவர் தேங்காய் அரைக்கும்போது புகை வந்ததாக எழுதியிருப்பதைப் படித்து மனம் கலங்குவார். அந்தத் தேங்காய் முற்றலா இளசா, தண்ணீர் விட்டு அரைத்தாரா விடாமல் அரைத்தாரா என்று அவரிடமே கேட்டு எழுதுவார். பதில் வருவதற்குள் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிடும். அப்போதுதான் அதுவே உலகத்தில் சிறந்த மிக்சி என்பது இவருக்கு உறுதிப்படும். அதுவரைக்கும் சட்னி? அம்மியில். அரைப்பது யார்? அவரில்லை.

இவர்களைக் கஞ்சர்கள் என்று சிலர் ஏசுவார்கள். அது அநியாயம். கஞ்சனுக்குக் காசு போய்விடுமே என்று பயம். இவர்களுக்கோ, தன்னை ஒருவன் ஏமாற்றிவிடுவானோ என்று பயம். ஐந்து ரூபாய் கத்தரிக்கோலில் ஏமாந்தாலும் தூக்கம் வராது. அந்தப் பயத்துக்கு ‘நிதானம்’ என்று பெயர் சூட்டிக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள், “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் வீடு, வாசல், கல்யாணம், காதுகுத்து அத்தனையும் அந்தரத்தில் நிற்கும்.

இந்த இனத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் உச்சிமாகாளி அண்ணாச்சி. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் கேட்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். உத்தியோகத்தில் எந்தக் கேஸையும் மேலோட்டமாகப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். எத்தனை கேஸ் முடிந்தது என்று நான் கேட்டதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் கேட்கிற கேள்வியா அது?

அவர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறைகள் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் பாதி ஊர் தன் வீட்டில் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டு மீதி இடத்தைக் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடும். அண்ணாச்சியின் மனைவி ஆனந்தவள்ளியும் அப்படித்தான் கொடுப்பார். ஆனால் ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும். காயல்பட்டினத்திலிருந்து ஹாஜரா பீவி வருடா வருடம் வருவார். வந்தால் பத்துப் பதினைந்து நாள் இருப்பார். வாடகை என்பது பெயருக்குத்தான். தம்மடைப் பலகாரமும் கருவாடும் டப்பா டப்பாவாக வந்து இறங்கும். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போய்விட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு, ஊர்க்கதை எல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஆனந்தவள்ளி வாய்விட்டுச் சிரிப்பது அந்த நாட்களில்தான் என் காதில் விழும். மற்ற மாதங்களில் அவர் அண்ணாச்சியோடு இருக்கிறார் அல்லவா?

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் ஹாஜரா பீவி போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“வள்ளி, இந்தத் தடவை வரமுடியுமான்னு தெரியல. முட்டி ரெண்டும் மடங்க மாட்டேங்கு. ஒங்க வீட்டு கக்கூஸ்ல குத்தவச்சா எந்திரிக்க ஆள் கூப்பிடணும். மாடியில உள்ளதுக்கோ படியேற முடியாது. வேற எடம் பாத்துக்கிடட்டுமான்னு ஜுஹைனா கேக்கா.”

ஜுஹைனா அவர் மருமகள்.

“நீங்க வாங்கக்கா. ஒங்களுக்குன்னு சேர் மாதிரி உக்காருத கக்கூஸ் வச்சிருதேன். ஆனி பொறக்கதுக்குள்ள ரெடியாயிரும்” என்றார் ஆனந்தவள்ளி.

பின்கட்டுக் கழிப்பறை பழங்காலத்தது. இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேலே மரச்சட்டமும் பலகையும், தலையில் துருப்பிடித்த தகரம், குறுக்கே இரும்புக் குழாய்கள். அதை இடித்துத் தள்ளிவிட்டால் புதிதாகக் கட்டித்தரச் சுடலைமணி மேஸ்திரி தயாராக இருந்தார். ஆனந்தவள்ளி மறுநாளே தென்காசிக்குப் பஸ் ஏறிப்போய் கமோடு வாங்கி வந்துவிட்டார். எப்படி வாங்கினார்? உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், வாங்கினார். அந்தக் கமோடு அட்டைப்பெட்டியோடு ஹாலில் நின்றது. இடிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

“இடிக்க ஆள் எதுக்கு? நானே இடிச்சிருதேன்” என்றார் அண்ணாச்சி.

அங்கே பிடித்தது சனி. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுச் சுவரை ஒரு மெஷினால் வாழைத்தண்டு நறுக்குவதுபோல நறுக்கும் வீடியோவை அவர் பார்த்திருந்தார். ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் என்று அதற்குப் பெயர். பார்க்க டிரில்லிங் மெஷின் மாதிரிதான் இருக்கும். மூக்கில் நீளமாக ஒரு பிளேடு; பொத்தானை அமுக்கினால் அது முன்னும் பின்னுமாக ஓடும். ஆணி அடித்த மரம், துருப்பிடித்த குழாய், தகரம் என்று எது குறுக்கே வந்தாலும் அறுத்துக்கொண்டே போகும். பேட்டரியில் ஓடுவதால் வயர் இழுக்க வேண்டாம். ஆளுக்குக் கொடுக்கிற கூலியில் மெஷினே வாங்கிவிடலாம், இடித்த பிறகும் மெஷின் நம்மிடமே கிடக்கும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. இடித்த பிறகு அதை வைத்து எதை அறுப்பது என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி இந்த இனத்துக்கு எழுவதில்லை.

“விலையும் கையைக் கடிக்கக் கூடாது, மெஷினும் உருப்படியா இருக்கணும்” என்று விசாரணையைத் தொடங்கினார்.

விசாரணை என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு ரம்பமும் அவருக்கு ஒரு சந்தேக நபர். எங்கே பிறந்தது, எந்தக் கம்பெனி, பேர் மாற்றி வேறு கலரில் திரிகிறதா, மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டா இல்லையா, பிளேடு ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் போய் வருகிறது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை, எடை என்ன, பிடித்தால் கை எவ்வளவு அதிரும், பிளேடு மாற்ற சாவி வேண்டுமா கையால் முடியுமா, கெட்டால் ரிப்பேர் பார்க்கிற இடம் திருநெல்வேலியா மதுரையா என்று எல்லாவற்றையும் துளைத்தெடுத்தார். வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகள் எல்லாம் சாட்சி வாக்குமூலங்கள். ஐந்து ஸ்டார் போட்டவனைப் பார்த்தால், “இவன் துட்டு வாங்கிட்டுச் சாட்சி சொல்லுதான்” என்பார். ஒரு ஸ்டார் போட்டவனை, “இவனுக்குக் கம்பெனியோட முன்விரோதம் இருக்கு” என்பார். மூன்று ஸ்டார் போட்டவன்? “பொறண்ட சாட்சி.” அப்படியானால் யாரைத்தான் நம்புவது? அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி போனது. பங்குனியில் ஒருநாள் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, “அண்ணாச்சி, எங்க வீட்ல கடப்பாரை சும்மாதான் கெடக்கு. நானும் வாறேன், சாயங்காலத்துக்குள்ள தட்டிப் போட்டுருவோம்” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். லாக்கப்பில் இருக்கிறவனைப் பார்க்கிற பார்வை.

“கடப்பாரையில அதிர்வு இருக்குவே. மெயின் சுவர்ல விரிசல் விட்டா நீரு வந்து பூசுவீரா?”

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

சித்திரையில் அவர் நேரடி விசாரணைக்குப் புறப்பட்டார். தென்காசியில் வேல்ராஜ் என்பவர் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். பார்த்து வாங்குவோர் கடைக்குப் போவது வாங்குவதற்கு இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் தூக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் விலை பார்ப்பதற்காகப் போவார்கள். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேல்ராஜ் ஒரு ரெசிப்ரோ ரம்பத்தை எடுத்து, பேட்டரி மாட்டி, ஒரு பழைய சட்டத்தை ஆணியோடு சேர்த்து அறுத்துக் காட்டினார். நன்றாகத்தான் அறுத்தது.

“மரத்துக்குப் பெரிய பல்லு பிளேடு, குழாய்க்குப் பொடிப்பல்லு பிளேடு. ரெண்டும் கூடவே தாரேன். பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு. வீட்டு வேலைக்கு இது போதும் அண்ணாச்சி” என்றார் வேல்ராஜ்.

‘போதும்’ என்ற சொல்லை இந்த இனத்திடம் சொல்லக் கூடாது. அதைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது.

“போதும்னா எப்படி? இதவிட மேல உண்டுன்னுதான அர்த்தம்?”

“மேல உண்டு. அது கான்ட்ராக்ட் எடுத்து நாள் பூரா அறுக்கவனுக்கு. நீங்க ஒரு கக்கூஸ்தான இடிக்கப் போறிய?”

“இன்னைக்குக் கக்கூஸ். நாளைக்கு?”

வேல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் கடையில் தொங்கிய வாளிகளைப் பார்த்தேன்.

“பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று அண்ணாச்சி படியிறங்கினார். வழியெல்லாம், “அவன் மொகத்தப் பாத்தீரா? விக்கணும்னு துடிக்கான். துடிக்கவன்கிட்ட வாங்கக் கூடாது” என்று எனக்குப் பாடம் நடத்தினார். கடைக்காரர் விற்காமல் வேறு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குள் ஹாலில் நின்ற கமோட்டுப் பெட்டியின்மேல் மடித்த துணிகள் ஏறின. அதன்மேல் பேப்பர் கட்டு ஏறியது. மேஸ்திரி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். “என்னங்க, வைகாசியும் பொறந்துட்டு” என்று ஆனந்தவள்ளி சொல்லும் குரலில் முதலில் இருந்த கோபம் போய், பிறகு கெஞ்சல் வந்து, கடைசியில் இரண்டும் இல்லாமல் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்கிற மனைவியைவிடக் கோபிக்காத மனைவி ஆபத்தானவர் என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சி அப்போது பிளேடின் பல் எண்ணிக்கையைப் பற்றி ஓர் ஆஸ்திரேலியாக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வெற்றி முழக்கம் கேட்டது.

“மடக்கிட்டேன்! ஏட்டி வள்ளி, ஆளை மடக்கிட்டேன்!”

எல்லாத் தகுதியும் உள்ள ரம்பம். வேல்ராஜ் கடை விலையில் பாதிகூட இல்லை. ஏன் அவ்வளவு மலிவு என்றால், மெஷின் மட்டும்தான். பேட்டரியும் சார்ஜரும் கிடையாது. இங்கேதான் அண்ணாச்சியின் புத்தி வேலை செய்திருந்தது. அவரிடம் ஏற்கெனவே பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின் ஒன்று இருந்தது. அதுவும் இருபது வோல்ட், இதுவும் இருபது வோல்ட். அந்தப் பேட்டரியை இதில் மாட்டிவிட்டால் முடிந்தது.

“ஒலகம் பூரா பேட்டரியோட வாங்கி ஏமாறுதான். நம்மள ஏமாத்த முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். முடியாது என்று சொன்னேன்.

“அக்காவுக்குப் போன் போடு. மெஷின் வந்த ரெண்டே நாள்ல தரைமட்டம். மேஸ்திரி ஒரு வாரத்துல கட்டிருவாரு. அவுகள வரச்சொல்லு” என்று மனைவிக்கும் உத்தரவு போட்டார். ஆனந்தவள்ளி கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாராம். பிறகு போன் போட்டார். இத்தனை மாதம் பார்த்தவர் சொல்கிறாரே, நம்பாமல் என்ன செய்வது?

மெஷின் வந்தது, சொன்ன தேதிக்கு அல்ல, பெருமழையில் வண்டி வரவில்லை என்று தள்ளிப்போய், ஆனி பிறந்து வந்தது. பெட்டியைப் பிரிக்க என்னையும் அழைத்தார்கள். அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, நீல நிற ரம்பத்தை வெளியே எடுத்தார். டிரில்லிங் மெஷினிலிருந்து பச்சைப் பேட்டரியைக் கழற்றினார். மாட்டினார்.

மாட்டவில்லை.

திருப்பி மாட்டினார். தலைகீழாக மாட்டினார். என்னைப் பிடிக்கச் சொல்லி அழுத்தினார். வோல்ட் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒரு கம்பெனிப் பேட்டரியின் வாய் வேறு, இன்னொரு கம்பெனி மெஷினின் வாய் வேறு. அவர் படித்த ஆயிரம் வாக்குமூலங்களில் ஒருவர்கூட இதை எழுதவில்லை. பார்த்தால் தெரிகிற விஷயத்தை யார் எழுதுவார்கள்? அந்த நீலக் கம்பெனியின் பேட்டரியைத் தனியாக வாங்கலாம் என்றால், பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து மெஷினைவிட அதிக விலை, அதுவும் கையிருப்பு இல்லை. “இதுக்கு நடுவுல மாட்டுத அடாப்டர் ஒண்ணு இருக்காம். எது நல்லதுன்னு பாக்கணும்” என்று அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆனந்தவள்ளி என் வீட்டுக்கு வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு போனார். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரத்தில் முதல் அடி வைக்கும்போதே வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஹாஜரா பீவி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஜுஹைனா குடை பிடிக்க, ஹாஜரா பீவி காரிலிருந்து மெதுவாக இறங்கி, ஒரு கையால் மருமகளையும் ஒரு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். அங்கே பழைய கழிப்பறை மழையில் நனைந்துகொண்டு முழுசாக நின்றது. கையில் கடப்பாரையோடு ஆனந்தவள்ளி நின்றார். ஆனந்தவள்ளியின் கண் கலங்கிவிட்டது. எனக்கே அந்த நேரத்தில் அண்ணாச்சியின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணாச்சி வரவேற்கும் முகத்தோடு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்கக்கா, வாங்க. இந்தா பாத்தியளா, மெஷின் வந்தாச்சு. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். பிளேடு ஒரு தடவைக்கு இவ்ளோ தூரம் போயிட்டு வரும். ஆணி, குழாய் எதுன்னாலும் வெண்ணெய் மாதிரி அறுக்கும். பேட்டரி மட்டும்தான் பாக்கி.”

ஹாஜரா பீவி மரியாதை தெரிந்தவர். ரம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“நல்ல மெஷின்தான் தம்பி. காயல்பட்டினத்துல கார்ல ஏறுனவ, வழியில எங்கயும் எறங்கல. நான் இப்ப எங்கன போவேன்?”

ஜுஹைனா அதற்குள் போனில் பேசத் தொடங்கியிருந்தாள். சீசன் நேரம், இரண்டு லாட்ஜில் இடமில்லை என்றார்கள். மூன்றாவதில் உண்டு என்றார்கள். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி பதறிப்போனார். “ரூம் எப்படி இருக்கு, தண்ணி எப்படி, ஒண்ணும் கேக்காம சரின்னுட்டியே தாயி?”

“கீழ்த்தளம், உக்காருத பாத்ரூம் இருக்கு மாமா. வேற என்ன கேக்கணும்?”

ஆனந்தவள்ளி கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது தலையைத் துவட்டிச் சீவி, வேறு சேலை கட்டி, கையில் பையோடு வந்தார். நேராகப் போய்க் காரில் ஹாஜரா பீவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“ஏட்டி, நீ எங்க போற?”

“சீசன் முடியவும் வாறேன்” என்றார் ஆனந்தவள்ளி. “சோறு எங்கன சாப்பிடலாம்னு நீங்க நிதானமா பாருங்க.”

கார் கிளம்பியது. திருப்பத்தில் மறைவதற்குள் உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி மழையில் நின்றபடியே போனை எடுத்து எதையோ தேடினார். கையில் ரம்பத்தோடு கொஞ்ச தூரம் காருக்குப் பின்னாலேயே ஓடினார்.

“ஏட்டி வள்ளி! அந்த லாட்ஜுக்கு மூணு ஸ்டார்தான் போட்ருக்கான்!”

அவ்வளவுதான் கதை. பாவம், நல்ல மனிதர். தினமும் என் வீட்டில்தான் சாப்பாடு. அடாப்டர் இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: இது படிக்கத் தக்கதுதானா என்று பார்ப்பதற்காக, இந்தக் கடைசிப் பத்தியை முதலில் புரட்டிப் பார்த்தீர்களா? இதைவிட நல்ல கட்டுரை அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று நடுவில் ஒருமுறை விரல் துடித்ததா? அப்படியானால் புத்தகத்தை இப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போங்கள். அலமாரிக்கு மேலே ஊருக்கு எடுத்துப்போகிற பை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.